தோல் பொருளைப் பழக்கும் முறை

நான் 2012-இல் ஆம்பூரில் வாங்கிய பெல்ட் ஒன்றை இன்றும் கட்டிவருகிறேன். வாங்கிய நாளில் அது வெளிறிய சந்தன நிறத்தில், வளைக்கவே மனம் வராத அளவுக்கு விறைப்பாக இருந்தது. இப்போது அதன் முகப்பு காய்ந்த புளியம்பழத்தின் ஓட்டைப் போலப் பழுத்திருக்கிறது. வழக்கமாக மாட்டும் மூன்றாவது துளை மட்டும் நீள்வட்டமாக இழுபட்டு, பக்கிள் அழுந்தும் இடத்தில் குறுக்காக ஒரு கருங்கோடு விழுந்திருக்கிறது. கால்சட்டையின் வளையங்களுக்குள் மறைந்தே இருந்த இடங்கள் சற்று வெளுப்பாக நின்று, ஒளி எங்கே பட்டது, எங்கே படவில்லை என்பதைக் கணக்கு வைத்தாற்போல் காட்டுகின்றன. அன்று அதே அச்சில் எத்தனையோ பெல்ட்டுகள் அந்தக் கடையில் தொங்கின. இன்று அதற்கு இணையாக இன்னொன்றை யாராலும் எடுத்துத் தர முடியாது.

இந்தப் பழுப்பையும் பளபளப்பையும் ஆங்கிலம் அறிந்தவர்கள் பாட்டினா என்கிறார்கள். செம்பின் மேல் படிவதற்கும் அவர்களிடம் அதே சொல்தான். ஆனால் நமக்கு அது களிம்பு, புளி போட்டுத் தேய்த்து எடுத்துவிடுவோம். தோலில் ஏறுவதை மெருகு என்றே சொல்ல விரும்புகிறேன். மண்வெட்டிக் காம்பும் உலக்கையின் நடுப்பகுதியும் கைபட்டுக் கைபட்டுப் பெறுகிற மெருகு எதுவோ, அதுதான் இதுவும். இதைக் கடையில் வாங்க முடியாது. எண்ணெய் தடவி அவசரப்படுத்தவும் முடியாது. ஆனால் மெருகேறக்கூடிய தோலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும், ஏறிவருகிற மெருகைக் கெடுக்காமல் காக்கவும் எவரும் கற்றுக்கொள்ளலாம்.

எந்தத் தோல் மெருகேறும்

பச்சைத் தோல் அழுகாமல் இருப்பதற்காகச் செய்யப்படும் பதனிடுதலில் இரண்டு முறைகள் முக்கியமானவை. ஒன்று, மரப்பட்டைகளிலும் காய்களிலும் உள்ள துவர்ச்சத்தில் தோலை வாரக்கணக்கில் ஊறவைப்பது. கடுக்காயைக் கடித்தால் நாக்கு சுருங்குகிறதல்லவா? அந்தத் துவர் நாவில் உள்ள எச்சிலின் புரதத்தைப் பற்றுவதுபோலவே, தொட்டியில் ஊறும் தோலின் நார்ப்புரதத்தையும் பற்றிக்கொள்கிறது. மற்றொன்று, குரோமியம் உப்பைக் கொண்டு ஏறத்தாழ ஒரே நாளில் பதனிடும் முறை. சென்னையின் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். இன்று உலகில் விற்பனையாகும் தோலில் பெரும்பகுதி குரோம் தோல். அது மென்மையானது, தண்ணீரைத் தாங்குவது, நிறம் எளிதில் மாறாதது. நிறம் மாறாமை ஷூவுக்கும் சோபாவுக்கும் நல்ல குணமாக இருக்கலாம். மெருகை எதிர்பார்ப்பவருக்கு அதுவே குறை. பட்டையில் பதனிட்ட தோலில் உள்ள துவர்ச்சத்துதான் ஒளியும் காற்றும் பட்டு மெல்ல மெல்லக் கருத்து வருகிறது.

தமிழகத்துக்கு இதில் நீண்ட பழக்கம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய ஈஸ்ட் இந்தியா தோல், பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அந்த ஆவாரையின் பட்டையில் பதனிடப்பட்டது. ஆவாரம்பட்டைத் தோல் வெயில் பட்டால் விரைவில் சிவந்துவிடும் என்பதால், கடைசியாகக் கடுக்காய்ச் சாற்றில் ஒருமுறை ஊறவைத்து எடுப்பார்கள். கடுக்காயின் துவர் ஒளிக்கு அவ்வளவு எளிதில் நிறம் மாறாது. எந்தத் துவர் எப்படிப் பழுக்கும் என்பதை அந்தத் தொழிலாளர்கள் ஆய்வகம் இல்லாமலே அறிந்து வைத்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஈஸ்ட் இந்தியா தோலுக்கு இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் என்னும் அயல்நாட்டு வேல மரத்தின் பட்டை பிடித்துக்கொண்டது.

கடையில் நிற்கும்போது முதலில் விளிம்பைப் பாருங்கள். வெட்டிய விளிம்பில் பிசிறுபிசிறாக நார் தெரிந்து, நிறம் உள்வரை பழுப்பாக ஓடினால் அது பெரும்பாலும் பட்டைத் தோல். நடுவில் நீலச் சாம்பல் கோடு தெரிந்தால் குரோம் தோல். விளிம்பு முழுவதையும் தடித்த பெயின்ட்டால் மூடியிருந்தால், உள்ளே இருப்பதைக் காட்ட விற்பவருக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்து, பொருளை லேசாக மடித்துப் பாருங்கள். மேல்தோல் செதுக்கப்படாமல் முழுதாக இருந்தால் மடிப்பில் மெல்லிய, ஒழுங்கற்ற சுருக்கங்கள் எழுந்து, விட்டவுடன் அடங்கும். மயிர்க்கால் புள்ளிகளும், மாடு வேலியில் கீறிக்கொண்ட பழைய தழும்பும் தெரிந்தால் அதைக் குறையாக எண்ணித் தள்ள வேண்டாம். தேய்த்து மழித்து, மேலே செயற்கைப் பூச்சு பூசிய தோலில்தான் அவை காணாமல் போயிருக்கும். அந்தப் பூச்சின் மேல் மெருகு ஏறாது, பூச்சுதான் தேயும். கடைக்காரர் சம்மதித்தால் மறைவான ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்ப்பது எல்லாவற்றையும்விடத் தெளிவான சோதனை: பூச்சில்லாத பட்டைத் தோல் அதை உறிஞ்சிக் கருத்து, காய்ந்ததும் ஏறத்தாழப் பழைய நிறத்துக்குத் திரும்பும்.

‘ஜென்யூன் லெதர்’ என்ற முத்திரை தரத்தைக் குறிப்பதில்லை. தோல் துகளைப் பசையில் குழைத்துத் தகடாக்கியதும், ரெக்சினும் நம் ஊர் ஈரத்தில் சில ஆண்டுகளிலேயே பொருக்குப் பொருக்காக உரியும். அவற்றுக்கு முதுமை என்று ஒன்று இல்லை, முறிவு மட்டுமே உண்டு.

ஒரு பொருளை வாங்கினால் நீண்ட காலம் வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் எவ்வளவு கெடுத்தது என்பது 1996-இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அந்த விலையைக் கொடுத்து உருவான ஒரு பையை இரண்டே ஆண்டில் தூக்கி எறிவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதல் சில மாதங்கள்

பட்டைத் தோலில் செய்த புதுப் பொருளைப் பயன்படுத்தத் தொடங்கும் முன், இரண்டு மூன்று நாள் காலை இளவெயிலில், மணிக்கொரு தடவை திருப்பி வைத்து எடுத்தால் நிறம் சீராக ஒரு படி ஏறும். உச்சி வெயில் கூடாது. அது தோலில் உள்ள எண்ணெயையும் ஈரத்தையும் இழுத்துவிடும். இப்படி முன்கூட்டி நிறமேற்றிய தோலில், முதல் மழைத்துளியின் கறை அவ்வளவு துலக்கமாகத் தெரியாது என்பது கூடுதல் பயன்.

அதன்பின் செய்ய வேண்டியது, அதை நாள்தோறும் பயன்படுத்துவதுதான். விசேஷத்துக்கென்று பீரோவில் எடுத்து வைக்கும் தோல் பை அழகாவதில்லை. அது காய்கிறது அல்லது பூசணம் பிடிக்கிறது. கையிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை, துணியோடு ஏற்படும் உராய்வு, ஓயாத வளைவு, ஒளி ஆகிய நான்கும் சேர்ந்துதான் மேற்பரப்பின் நார்களை அழுத்திப் படியவைத்து மெருகாக்குகின்றன. பையின் கைப்பிடி முதலில் கருக்கும், பிறகு மூடியின் விளிம்பு, கடைசியில்தான் பக்கவாட்டுகள். பர்ஸில் அட்டைகள் இருக்கும் இடம் மேட்டுக்கோடாக எழும்பும். பட்டைத் தோல் செருப்பில் ஐந்து விரல்களும் குதிகாலும் அச்சு எடுத்தாற்போல் பதியும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூர் செருப்பில் இதைச் சில வாரங்களிலேயே காணலாம்.

பயன்படுத்துவது வேறு, வதைப்பது வேறு. பர்ஸில் பழைய ரசீதுகளைத் திணித்தால் தையல் இழுபட்டு, பிறகு எதை எடுத்தாலும் தோல் மீளாது. பெல்ட்டைச் சுருட்டி வைக்காமல் பக்கிளைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். ஷூவையும் வாட்ச் வாரையும் தொடர்ந்து அணியாமல், வியர்வை காய்வதற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். வியர்வையின் உப்புதான் வாட்ச் வாரை உட்புறத்திலிருந்து வெடிக்கச் செய்கிறது. சானிடைசர் தடவிய கை காயும் முன் தோலைத் தொட வேண்டாம், மேற்பூச்சு கரைந்து வெளுத்த திட்டாகிவிடும். புது ஜீன்ஸின் நீலம் வெளிர்நிறப் பையில் ஏறினால் எளிதில் போகாது.

ஈரமான பட்டைத் தோலில் இரும்புச் சாவியோ ஆணியோ படக் கூடாது. பட்ட இடம் நீலக் கறுப்பாகிவிடும். கலம்காரித் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்துக் காயவைத்து, அதன் மேல் துருவேறிய இரும்பை ஊறவைத்த நீரால் கோடிழுத்தால் அது கறுப்பாக மாறுவதும் இதே வினையால்தான். எனவே பக்கிளும் ஆணியும் பித்தளையில் இருக்கும் பொருளையே வாங்குங்கள். புதிதாக விழுந்த கறையானால், எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து பஞ்சால் ஒற்றி, உடனே வெறும் தண்ணீரால் துடைத்தால் பெரும்பாலும் மங்கிவிடும். சாயம் போட்ட தோலில் இதை முயல வேண்டாம்.

துடைப்பதும் எண்ணெயிடுவதும்

பராமரிப்பு என்றதும் எல்லோரும் எண்ணெயைத்தான் எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் தோல் பையை வாங்கிய மாதமே, தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பஞ்சில் தோய்த்துப் பை முழுவதும் தேய்த்தேன். மறுநாள் பையின் முகத்தில் பெரிதும் சிறிதுமாகக் கருந்திட்டுகள் நின்றன. அந்த டிசம்பரில் கொடைக்கானல் போனபோது கைப்பிடியின் மடிப்புகளில் வெண்பொடி பூத்தது. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸை ஒட்டி உறையும் என்பதை அறிந்திருந்தால், அது பூசணமோ என்று பயந்திருக்க மாட்டேன். திட்டுகள் மங்க மூன்று ஆண்டுகள் ஆயின. பையின் உடல் அன்று தளர்ந்தது தளர்ந்ததுதான். நார்களுக்கிடையே அளவுக்கு மீறிப் புகுந்த எண்ணெயை வெளியே எடுக்க வழியில்லை.

ஆகவே முதலில் துணியை எடுங்கள். நைந்து மென்மையான பழைய வேட்டித் துணியைவிடச் சிறந்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை. வாரம் ஒருமுறை அந்த உலர்ந்த துணியால் தூசியைத் தட்டி, சற்று அழுத்தித் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. தையல் இடுக்குக்கு மென்மையான குதிரைமயிர் பிரஷ் நல்லது. அழுக்கு படிந்திருந்தால் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, கறை படிந்த இடத்தோடு நிறுத்தாமல், அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே சீராகத் துடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஈரம் நின்ற எல்லையில் கோடு விழும். துணி சோப்பும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஆகாது. தோல் இயல்பில் புளிப்புத் தன்மை உடையது. காரத்தன்மை உள்ள சோப்பு அதன் துவர்ச்சத்தையே கழற்றிவிடும்.

எண்ணெயிட வேண்டிய காலத்தை நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தோலை மெல்ல வளைத்துப் பாருங்கள். மடிப்பில் வெளுத்த கோடு தோன்றி மறைய மறுத்தால், தொடும்போது காகிதம்போல் வறண்டு ஒலித்தால், அப்போதுதான் அதற்கு எண்ணெய் தேவை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் ஆண்டுக்கு ஒருமுறை போதும். குளிரூட்டிய அறையிலேயே நாள் முழுவதும் இருக்கும் பைக்கு இரண்டு முறை வேண்டியிருக்கலாம். ஒரு பெல்ட்டுக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் செல்லக் கூடாது. எண்ணெயைத் தோலின் மேல் நேராக ஊற்றாமல் துணியில் வாங்கி, துணியெல்லாம் பரவவிட்டு, முதலில் உட்புறத்தில் தடவி, ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். போதவில்லை என்று தோன்றினால் மறுநாள் இன்னும் சிறிது தடவலாம்.

எந்த எண்ணெய் என்றால், சேணம் தைப்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும், மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் நல்லது; அதையும் தேன்மெழுகையும் மூன்றுக்கு ஒன்றாகச் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி ஆறவிட்டால் வீட்டிலேயே மெழுகுக் களிம்பு கிடைக்கும். நேரடித் தீயில் உருக்க வேண்டாம். விளக்கெண்ணெய் காய்ந்து இறுகாது என்றாலும் பிசுபிசுப்பு நெடுநாள் நிற்கும். நல்லெண்ணெய் நாளாக நாளாக ஒட்டும். ஆளிவிதை எண்ணெய் படலமாக இறுகித் தோலையே விறைக்க வைக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

கீறல் விழுந்தால் உடனே மருந்து தேட வேண்டாம். கட்டைவிரலால் வட்டமாக அரை நிமிடம் தேய்த்தால், விரலின் சூட்டில் தோலிலுள்ள மெழுகு நகர்ந்து பெரும்பாலான கீறல்கள் மங்கும். மங்காதவை அங்கேயே இருக்கட்டும், ஓராண்டில் அவையும் மெருகோடு கலந்துவிடும்.

மழையும் பூசணமும்

வடகிழக்குப் பருவமழைக் காலம்தான் தோலுக்கு உண்மையான சோதனை. நனைந்த பையை ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி, அடுப்பு, நேர்வெயில் எதனிடமும் கொண்டுபோகக் கூடாது. பட்டைத் தோல் ஈரமாக இருக்கும்போது ஏறத்தாழ 75 முதல் 85 பாகை வெப்பத்திலேயே சுருங்கிக் கட்டையாகிவிடும். குரோம் தோல் 100 பாகையையும் தாங்கக்கூடும், ஆனால் அதிலும் நிறமும் எண்ணெயும் கெடும். முதலில் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பூச்சில்லாத பட்டைத் தோலில் துளித்துளியாகக் கறை விழுந்திருந்தால், ஈரத்துணியால் அந்தப் பக்கம் முழுவதையும் லேசாக நனைத்துவிடுவதுதான் வழி. எல்லாம் ஒன்றாகக் காய்ந்தால் புள்ளிகள் தெரியாது. பைக்குள் பழைய துணியைத் திணித்து வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, மின்விசிறிக் காற்றில், நிழலில், ஒன்றிரண்டு நாள் காயவிடுங்கள். உள்ளே திணித்த துணியைச் சில மணிக்கொருமுறை மாற்ற வேண்டும். முற்றிலும் காய்வதற்குச் சற்று முன், தொட்டால் குளிர்ச்சி தெரியும் நிலையில் மிகச் சிறிது எண்ணெய் தடவினால் தோல் விறைக்காது.

பூசணம் பூத்த பொருளை வீட்டுக்குள் தட்டாதீர்கள். அதன் விதைத்தூள் மற்றப் பொருள்களில் போய் உட்காரும். மொட்டை மாடிக்கோ திண்ணைக்கோ கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மறைவான இடத்தில் சோதித்தபின் எல்லாப் பக்கமும் துடைத்து, காற்றில் ஆறவிட வேண்டும். பிளாஸ்டிக் உறையில் சுற்றி இரும்பு பீரோவில் பூட்டி வைப்பதுதான் பூசணத்தை அழைக்கும் வழி. அந்துருண்டை பூசணத்தைத் தடுப்பதில்லை, அதன் நெடி மட்டும் தோலில் ஏறி ஆண்டுக்கணக்கில் நிற்கும். பருத்தித் துணிப் பையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், அல்லது வாரம் இரண்டு முறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். அன்றாடம் கையில் இருக்கும் தோலில் நான் பூசணத்தைக் கண்டதே இல்லை.

மெருகும் சிதைவும்

எல்லாப் பழமையும் மெருகாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய நூல்களின் தோல் அட்டையைத் தொட்டால் விரலில் செங்கல் பொடிபோல ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் நூற்கட்டுகள் இப்படி உதிர்வதை லண்டனின் கலைச் சங்கம் அமைத்த குழு ஆராய்ந்து 1905-இல் வெளியிட்ட அறிக்கையில், கிழக்கிந்தியாவிலிருந்து வந்த ஆவாரம்பட்டைத் தோலே மிக மோசமாகச் சிதைந்தவற்றுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. எரிவாயு விளக்கின் புகையில் இருந்த கந்தகத்தைத் தோல் உறிஞ்ச, அது அமிலமாகி நாரை அறுத்துவிட்டது. ஒளியில் அழகாகச் சிவக்கும் துவர் வகையே அந்த அமிலத்துக்கும் எளிதில் இரையாகிறது என்பது எனக்கு வருத்தம் தரும் உண்மை. பொடியாக உதிரத் தொடங்கிய தோலுக்கு எண்ணெய் தடவினால் இன்னும் கருத்து இறுகுமே தவிர, குணமாகாது. அதை மெல்லிய காகிதத்தில் சுற்றி, வாகனப் புகையிலிருந்தும் வெயிலிலிருந்தும் விலக்கி வைக்கலாம். விலைமதிப்புள்ள நூலானால் பாதுகாப்புப் பணி கற்றவரிடம் ஒப்படைக்கலாம்.

நூல் அறுந்தது சிதைவில் சேராது. தோல் நலமாக இருக்கும்வரை தையலை எத்தனை முறையும் புதுப்பிக்கலாம். இயந்திரத் தையலில் ஓர் இடம் விட்டால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இருபக்கமிருந்தும் நுழைத்துத் தைக்கும் கைத்தையலில், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். பழைய துளைகளிலேயே மெழுகிட்ட நூலால் தைக்கச் சொல்லுங்கள். விரைவாக ஒட்டும் பசையை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அது கண்ணாடிபோல் இறுகி, அடுத்த வளைவில் தோலையும் சேர்த்து உடைக்கும். தைப்பவரிடம் பேரம் பேசாதீர்கள். இந்தக் கைவினையைத் தெரிந்தவர்களைச் சாதியின் பெயரால் தெருவோரத்திலேயே நிறுத்திவைத்த சமூகம் நம்முடையது. அவர்கள் கேட்கும் கூலி எப்போதும் அந்த வேலைக்குக் குறைவானதாகவே இருக்கிறது.

என் பெல்ட்டின் பக்கிள் பக்கத் தையல் சென்ற மாதம் விட்டுப்போனது. பேருந்து நிலையத்தின் அருகே அமர்ந்திருக்கும் பெரியவர் குத்தூசியால் பழைய துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தேன்மெழுகுக் கட்டியில் நூலை மூன்று முறை இழுத்து, எட்டுத் தையல் போட்டுத் தந்தார். பழுத்த தோலின் மேல் அந்த எட்டு வெள்ளைத் தையலும் இப்போது தனித்துத் தெரிகின்றன. கை படும் இடத்தில் உள்ள இரண்டு மட்டும் அதற்குள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கின்றன.